பன்னிரண்டரையும் ஐந்தும்: மர்ஹூம் அஷ்ரஃப் விட்டுச்சென்ற கணக்கு





செப்டெம்பர் 16 வந்துவிட்டால் நமது பக்கத்தில் எங்கு பார்த்தாலும் ஒரே முகம்தான். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் பழைய புகைப்படங்கள், மேடைப் பேச்சுக்கள், கவிதை வரிகள், அரநாயக்க மலையில் விழுந்த ஹெலிகொப்டரின் கதை. கூடவே, அவரின் உண்மையான வாரிசு யார் என்ற சண்டையும் சூடாக நடக்கும். அந்தச் சண்டையில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள். ஆனால் அவர் செய்த வேலைகளில் மிகப் பெரியது எது என்று நமது உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், "பல்கலைக்கழகம்" என்பார்கள். "துறைமுக வேலை" என்பார்கள். இரண்டும் பிழையில்லை. ஆனால் அவை இரண்டுக்கும் முந்திய ஒரு வேலை இருக்கிறது. அது கல்லிலும் சீமெந்திலும் கட்டப்படாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் பாராளுமன்றத்துக்குள் கால் வைப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே அது முடிந்துவிட்டது.

அரசியலமைப்பில் ஓர் எண்ணை மாற்றிய வேலை அது. எட்டில் ஒன்று என்று இருந்ததை இருபதில் ஒன்று ஆக்கியது. நமது மூத்தவர்களின் பழைய வாய்ப்பாட்டில் சொன்னால், அரைக்காலை ஒரு மாவாக்கியது. பன்னிரண்டரை வீதம் ஐந்து வீதமானது. இதைத்தான் வெட்டுப்புள்ளி என்கிறோம். சொல் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி வந்தது, யாரைக் காப்பாற்றியது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், அதற்கு முந்திய நமது எம்.பி.மாரின் கதை.

1947இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது கிழக்கு மாகாணத்துக்கு 7 தொகுதிகள் கிடைத்தன. சோல்பரி யாப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம். அத்தோடு 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம். பரந்த நிலமும் குறைந்த சனமும் கொண்ட நமது மாகாணத்துக்கு அந்த இரண்டாவது விதி கைகொடுத்தது. அந்தத் தேர்தலில் கல்முனையில் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் அவர்களும், பொத்துவிலில் எம்.எம். இப்றாகிம் அவர்களும் வந்தார்கள். நெல்வயலும் கடலும் நெசவும் பிழைப்பாக இருந்த ஊர்களிலிருந்து மக்கள் நேரடியாகத் தெரிந்தெடுத்த உறுப்பினர்கள் இவர்கள். அந்நாளில் முஸ்லிம் அரசியலின் குரல் என்றால் அது பெரும்பாலும் கொழும்பின் குரலாகத்தான் இருந்தது.

அக்காலத்து எம்.பி. என்றால் ஒரு தொகுதி, ஒரு மனிதர், ஒரு வாசல். சுபஹுத் தொழுகை முடிய அந்த வாசலில் ஆட்கள் நிற்பார்கள். காணி உத்தரவு, ஆசிரியர் நியமனம், இடமாற்றம், பாலம், வாய்க்கால், பொலிஸ் பிரச்சினை எல்லாம் அந்த வாசலுக்குத்தான் போகும். 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்த பிறகு தொகுதி வேலைகளுக்கு ஒதுக்க எம்.பி.யின் கையில் ஒரு தொகையும் வந்தது. 1977க்குப் பின்னர் தொழில் வங்கித் திட்டம் வந்தபோது வேலைக்கான விண்ணப்பப் படிவங்களே எம்.பி.யின் கையால்தான் பங்கிடப்பட்டன. எம்.பி.யின் துண்டு இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்ற பழக்கம் நமது ஊர்களில் அப்போது வேரூன்றியது. அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை.

ஆனால் இந்த வாசலுக்குப் பின்னால் ஒரு பலவீனம் இருந்தது. தனி ஒரு எம்.பி. தன் ஊருக்கு எதையாவது கொண்டுவர வேண்டுமென்றால், அவர் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தாக வேண்டும். 1956இல் காரியப்பர் அவர்கள் கல்முனையிலும், எம்.எம். முஸ்தபா அவர்கள் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியில் வென்றார்கள். இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் போனார்கள். முஸ்தபா அவர்கள் 1960இன் தொடக்கத்தில், குறுகிய காலமேயாயினும், நாட்டின் நிதி அமைச்சராகவே இருந்தார். 1960 ஜூலையில் கல்முனையில் தமிழரசுக் கட்சியில் வென்ற எம்.சி. அஹமது அவர்களும் அதே வழியில் போனார். இவர்களை இன்று துரோகி என்றோ தியாகி என்றோ எழுதுவது இலகு. நாம் பார்க்க வேண்டியது வேறு. மூன்று பேர், மூன்று தடவை, ஒரே திசை. ஒருவர் செய்தால் அது அவரது குணம். எல்லோரும் செய்தால் அது அவர்கள் நின்ற இடத்தின் குணம். தனக்குப் பின்னால் எண்ணிக்கை இல்லாத எம்.பி.க்கு யாரையாவது நெருங்குவதைத் தவிர வேறு பலம் இருக்கவில்லை.

அஷ்ரஃப் அவர்கள் பிறந்தது இந்தப் பின்னணியில். 1948 ஒக்டோபர் 23இல் சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, கொழும்பு சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியானவர். பிற்காலத்தில் ஜனாதிபதி சட்டத்தரணியாகவும் ஆனார். கொழும்பு வர்த்தகக் குடும்பத்தின் பெயரோ, பெரிய கட்சியொன்றின் பரம்பரைச் சொத்தோ அவரிடம் இருக்கவில்லை. கிழக்கின் ஒரு கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்த இலவசக் கல்வியும், சட்டப் புத்தகத்தை வரிக்கு வரி வாசிக்கும் பழக்கமும்தான் இருந்தன. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977 தேர்தலில் அவருக்கு 28 வயது. முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து நின்றது. அவரும் அந்த மேடைகளில் பேசினார். கூட்டணியில் போட்டியிட்ட முஸ்லிம் வேட்பாளர்கள் ஒருவரும் வெல்லவில்லை. கல்முனையில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ.ஆர். மன்சூர் அவர்களும், சம்மாந்துறையில் எம்.ஏ. அப்துல் மஜீத் அவர்களும் வென்றார்கள். இருவரும் தங்கள் ஊர்களுக்கு நிறையச் செய்தவர்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தோல்வி அஷ்ரஃப் அவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்: பெரும்பான்மைக் கட்சிக்குள் போனாலும் சரி, தமிழ்க் கட்சிக்குள் போனாலும் சரி, கணக்கு வேறொருவரின் கையில்தான் இருக்கும்.

அடுத்த வருடம் கணக்கே மாறியது. 1978 அரசியலமைப்பு தொகுதி முறையை நீக்கி விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம், வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம். சிறுபான்மைக்கு நல்லதுதானே என்று தோன்றும். அதன் 99ஆம் உறுப்புரையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. ஒரு மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைப் பெறாத கட்சி, ஆசனப் பங்கீட்டிலிருந்தே வெட்டப்படும்.

இதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். பெயரில்லாத ஒரு மாவட்டம், 6 ஆசனங்கள், செல்லுபடியான வாக்குகள் 100,000. முதற் கட்சிக்கு 47,000, இரண்டாவதற்கு 31,000, மூன்றாவதற்கு 12,000, நான்காவதற்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். எப்படியானாலும் முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் உண்டு. மீதி 5 ஆசனங்களுக்குத்தான் பங்கீடு.

வெட்டுப்புள்ளி 12.5 வீதமானால், மூன்றாவதும் நான்காவதும் வெளியே. எஞ்சிய 78,000 வாக்குகளை 5ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 15,600. முடிவு: முதற் கட்சிக்கு 4, இரண்டாவதற்கு 2. மற்ற 22,000 பேர் வாக்களித்தும் வாக்களிக்காதது போலத்தான்.

வெட்டுப்புள்ளி 5 வீதமானால், நான்கு கட்சிகளும் கணக்கில் நிற்கும். 100,000ஐ 5ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 20,000. முழுதாக வகுபட்ட பிறகு மிஞ்சும் வாக்குகளில் கூடியவருக்கு மீதி ஆசனங்கள் போகும். முடிவு: முதற் கட்சிக்கு 3, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. நான்காவது கட்சி 10 வீதம் எடுத்தும் வெறுங்கையோடு நிற்கிறது. அதையும் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது நமது மாவட்டங்களுக்கு வருவோம். 1981 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 வீதம். திருகோணமலையில் ஏறத்தாழ 29. மட்டக்களப்பில் ஏறத்தாழ 24. வன்னியில் இன்னும் குறைவு. கிழக்குக்கு வெளியே கண்டி, கொழும்பு, புத்தளம் போன்ற இடங்களில் 10 வீதத்தை ஒட்டித்தான். எல்லா முஸ்லிம்களும் ஒரே கட்சிக்கு வாக்களிக்கப் போவதில்லை. ஆக, 12.5 வீத வெட்டுப்புள்ளி அம்பாறையை அவ்வளவாகத் தொடாது. மட்டக்களப்பையும் வன்னியையும்தான் அது வெட்டும். கல்முனைக்காரர் ஒருவர் தன் ஊரை மட்டும் நினைத்திருந்தால் இந்த எண்ணை மாற்றப் பாடுபட்டிருக்கத் தேவையே இல்லை.

ஒரு விசித்திரமான உண்மையும் உண்டு. 1982 டிசம்பரில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பு 1977 பாராளுமன்றத்தின் காலத்தை நீடித்துவிட்டது. அதனால் புதிய முறையில் முதலாவது பொதுத் தேர்தல் நடக்க 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டரை வீதம் என்ற கத்தரிக்கோல் 10 வருடங்கள் மேசையில் கிடந்தது. ஒரு பொதுத் தேர்தலில்கூட அது துணியைத் தொடவில்லை. தொடுவதற்கு முன்னரே அதை மழுக்கியாக வேண்டும்.

அந்தப் பத்து வருடங்களில் நாட்டில் என்னவெல்லாம் நடந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஒரு சிறு அமைப்பாக உருவானது. 1985 ஏப்ரலில் நமது கரையோரத்தில் தமிழர் முஸ்லிம் உறவைக் கிழித்த அந்தக் கலவரம் வந்தது. அஷ்ரஃப் அவர்கள் கல்முனையை விட்டுக் கொழும்பில் குடியேற நேர்ந்தது. 1986இல் காங்கிரஸ் கொழும்பு மாநாட்டில் அரசியல் கட்சியாகப் பிரகடனம் செய்யப்பட்டு, அவர் தலைவரானார். 1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. அங்கு வாழும் முஸ்லிம்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் காங்கிரஸ் துணிந்து இறங்கி 71 ஆசனங்களில் 17ஐ வென்றது. அதற்கு அடுத்த மாதம்தான் அந்தச் சந்தர்ப்பம் வந்தது.

1988 டிசம்பர் 19 ஜனாதிபதித் தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் பிரதமர் ரணசிங்க பிரேமதாச. எதிரே சிறிமாவோ பண்டாரநாயக்க. தெற்கில் ஜே.வி.பி.யின் கிளர்ச்சி, வடகிழக்கில் இந்தியப் படை. முதற் சுற்றிலேயே 50 வீதத்தைத் தாண்ட வேண்டிய கட்டாயம் பிரேமதாச அவர்களுக்கு. கடைசியில் அவர் பெற்றது 50.4 வீதம் என்பதைப் பார்த்தால், அன்று ஒவ்வொரு சிறு கட்சியின் ஆதரவுக்கும் என்ன பெறுமதி இருந்திருக்கும் என்பது விளங்கும்.

அந்த நேரத்தில் ஒரு சிறுபான்மைத் தலைவர் என்ன கேட்டிருப்பார்? வழமையான பட்டியல் நமக்கெல்லாம் தெரியும். ஒரு அமைச்சு, ஒரு கூட்டுத்தாபனத் தலைவர் பதவி, ஊருக்கு ஒரு வீதி, கொஞ்சம் வேலைவாய்ப்பு. அஷ்ரஃப் அவர்கள் பிரேமதாச அவர்களிடம் கேட்டது வெட்டுப்புள்ளியைக் குறைக்கும்படி. தேர்தலுக்குப் பிறகு பார்ப்போம் என்ற வாக்குறுதியாக அது நிற்கவில்லை. தேர்தலுக்கு முன்பே சட்டமாகியது. அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தம் 1988 டிசம்பர் 17இல் சான்றுப்படுத்தப்பட்டது. வாக்களிப்புக்கு இரண்டு நாட்களே இருந்தன. எட்டில் ஒன்று என்பது இருபதில் ஒன்றானது.

அமைச்சு கேட்டிருந்தால் அது அந்த அரசாங்கத்தோடு போயிருக்கும். வீதி கேட்டிருந்தால் பத்து மாரியில் கிழிந்திருக்கும். சட்டப் புத்தகத்தை வரிக்கு வரி வாசிப்பவர் ஒரு வரியைக் கேட்டார். 37 வருடங்கள் ஓடிவிட்டன. பிரேமதாச அவர்களும் இல்லை, அஷ்ரஃப் அவர்களும் இல்லை. அந்த வரி இருக்கிறது.

பலன் உடனே தெரிந்தது. 1989 பெப்ரவரி 15 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது. அம்பாறையில் அஷ்ரஃப் அவர்கள் வந்தது எதிர்பார்த்ததுதான். மட்டக்களப்பிலும் வன்னியிலும் காங்கிரஸ் ஆசனம் எடுத்ததுதான் செய்தி. அந்த எதிர்க்கட்சி வரிசையில் இருந்துதான் 1990இன் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும், ஏறாவூர்ப் படுகொலையும், வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றமும் பாராளுமன்றத்தில் பேசப்பட்டன. நமது மையித்துகளுக்காகப் பேச, எந்தப் பெரிய கட்சியின் கொறடாவிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு வாய் அன்று அங்கே இருந்தது. அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

1994 ஓகஸ்ட் தேர்தலில் காங்கிரஸுக்கு 7 ஆசனங்கள். சந்திரிகா அம்மையாரின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105. ஆட்சியமைக்க 113 வேண்டும். 105உம் 7உம் 112. மலையகத்தின் பெ. சந்திரசேகரன் அவர்களோடு 113. பாராளுமன்றக் கணக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது. கிழக்கின் ஒரு கிராமத்து எம்.பி. கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். ஒருவரை நெருங்கிக் கிடைத்த அமைச்சல்ல அது. எண்ணிக்கையின் மேல் நின்று பெற்றது.

அந்த அமைச்சுக் காலத்தின் விளைச்சலில் முதன்மையானது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். யுத்தமும் கலவரமும் நமது பிள்ளைகளின் வந்தாறுமூலைப் பயணத்தை முடக்கிப்போட்ட காலம் அது. 1995 ஒக்டோபர் 23இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமானது. பேராசிரியர் எம்.எல்.ஏ. காதர் அவர்கள் முதலாவது உபவேந்தர். இன்று ஒலுவிலிலும் சம்மாந்துறையிலுமாக 6 பீடங்கள். பொறியியலும் தொழில்நுட்பமும் அங்கே படிப்பிக்கப்படுகின்றன. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் எல்லா இனப் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள். நமது ஊர்களில் முதல் தலைமுறைப் பெண் பட்டதாரிகள் எத்தனை பேர் அந்த வாசலால் வந்தவர்கள் என்று உங்கள் குடும்பத்துக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள்.

துறைமுக அதிகாரசபையில் அவர் கொடுத்த வேலைகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அதனால் எழுந்த வீடுகள் ஏராளம். ஆனால் அந்த வேலை பெற்றவர்களில் பலர் இன்று ஓய்வூதிய வயதில். அது ஒரு தலைமுறைக்கு உதவிய உதவி. ஒலுவில் துறைமுகம் அவரது கனவு. அவருக்குப் பின்னர் டென்மார்க் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு மண் மூடிய வாயிலும், கடல் தின்ற தென்னந்தோப்புகளும், வாடியிழந்த மீனவர்களும்தான் நமது கண் முன்னே நிற்கிறார்கள். அவர் கேட்ட கரையோர மாவட்டமும் கைகூடவில்லை. தலைவரை நேசிப்பது வேறு, கணக்கைச் சரியாக எழுதுவது வேறு. வரவையும் எழுத வேண்டும், செலவையும் எழுத வேண்டும்.

கடைசி வருடங்களில் அவர் பார்வை இன்னும் விரிந்தது. 1999இல் தீகவாபி பற்றிய சர்ச்சை எழுந்தபோது கங்கொடவில சோம தேரருடன் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் அமர்ந்து, சிங்களத்திலேயே விவாதித்தார். முஸ்லிம் என்ற பெயரில்லாத தேசிய ஐக்கிய முன்னணி என்ற கட்சியைத் தொடங்கி எல்லா இனத்தவரையும் அதற்குள் அழைத்தார். அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2000 செப்டெம்பர் 16இல், தேர்தலுக்கு மூன்றரை வாரங்கள் இருக்க, அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்க ஊரகந்த மலையில் வீழ்ந்தது. அவருக்கு 52 வயதுகூட நிறையவில்லை. அவரோடு பயணித்தவர்களும் மரணித்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விடயம்.

இந்த எண் முஸ்லிம்களை மட்டுமா காப்பாற்றியது? 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜே.வி.பி. நாடளாவிய ரீதியில் 6 வீதம் எடுத்து 10 ஆசனங்கள் பெற்றது. 2001இல் 9.1 வீதம் எடுத்து 16 ஆசனங்கள். பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி வெட்டுண்டிருக்கும். 2020ஐ எடுங்கள். தேசிய மக்கள் சக்தி கொழும்பில் 5.7 வீதமும், கம்பஹாவில் 5 வீதத்தைச் சற்றே தாண்டியும் எடுத்து, மாவட்டத்துக்கு ஓர் ஆசனம் பெற்றது. கொழும்பிலிருந்து வந்த அந்த ஒருவர் அநுர குமார திசாநாயக்க. 2024இல் அவர் ஜனாதிபதி. அவரது கட்சிக்கு 159 ஆசனங்கள். கல்முனைச் சட்டத்தரணி ஒருவர் 1988இல் வாங்கிக் கொடுத்த ஐந்து வீதக் கதவால் நுழைந்தவர்கள் இன்று நாட்டை ஆளுகிறார்கள். இதைச் சொல்ல நாம் வெட்கப்படத் தேவையில்லை. அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஏனென்றால் இந்தக் கதவை மூட முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2020 ஜனவரியில் வெட்டுப்புள்ளியை மீண்டும் 12.5 வீதமாக்கும் தனிநபர் பிரேரணையொன்று வர்த்தமானியில் வந்தது. சிறு கட்சிகள் அரசாங்கங்களைப் பணயம் வைக்கின்றன என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்த நியாயத்தை நாம் முகத்தைத் திருப்பித் தள்ளிவிட முடியாது. எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சமூகத்துக்காகப் பேரம் பேசியவரும் நமது வரலாற்றில் இருக்கிறார். அதே எண்ணிக்கையைத் தங்களுக்காக விற்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினர்தான் முதலாவது வகையினரின் கதவை மூடக் காரணம் தேடிக் கொடுப்பவர்கள்.

அந்தப் பிரேரணை சட்டமாகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 2024 நவம்பர் தேர்தலில் அம்பாறையின் 7 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 4. இலங்கைத் தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. அந்த மூன்று கட்சிகளும் எடுத்தது தலா 10 வீதம் அளவில்தான். ஒன்றுகூட 12.5ஐ எட்டவில்லை. பழைய கத்தரிக்கோல் திரும்பி வந்திருந்தால் மூன்றும் ஒரே வெட்டில் போயிருக்கும். முஸ்லிம் கட்சிகளோடு தமிழ்ச் சகோதரர்களின் ஒரேயொரு கட்சிப் பிரதிநிதித்துவமும் போயிருக்கும். 1988இல் அம்பாறைக்கு அவ்வளவாகத் தேவைப்படாத அந்த ஐந்து வீதம், இன்று அம்பாறைக்கே உயிர்நாடி. காரணம் வெளியிலிருந்து வரவில்லை. நாம்தான் துண்டு துண்டாகப் பிரிந்தோம்.

பிரிவின் விலையை அறிய 2020இன் அம்பாறைத் தமிழர்களைப் பாருங்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கருணா அவர்களின் கட்சியும் தனித்தனியே நின்றன. இரண்டும் 5 வீதத்தைத் தாண்டின. இரண்டுக்கும் ஆசனம் இல்லை. மாவட்ட வாக்குகளால் ஒரு தமிழ் எம்.பி.கூடத் தெரிவாகாத பாராளுமன்றமாக அது போனது. மேலே நமது உதாரணத்தில் வெறுங்கையோடு நின்ற நான்காவது கட்சி ஞாபகம் இருக்கிறதா? வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது பரீட்சை மண்டபத்துக்குள் நுழைவது மாதிரி. நுழைந்தவர் எல்லோரும் சித்தியடைவதில்லை. அந்த இடத்தில் நாளை நாமும் நிற்கலாம்.

புதிய அரசியலமைப்பு பற்றியும் தேர்தல் முறை மாற்றம் பற்றியும் மீண்டும் பேச்சு நடக்கிறது. தொகுதி முறை திரும்ப வேண்டுமா, கலப்பு முறையா, வெட்டுப்புள்ளி எவ்வளவு என்ற கேள்விகள் நமது பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும், விளையாட்டுக் கழகங்களுக்கும், மாதர் சங்கங்களுக்கும் வந்தாக வேண்டும். தொகுதி முறையில் நமக்கு ஒரு வாசல் இருந்தது, அது நல்லது. ஆனால் அந்த வாசலுக்குள் இருந்தவர் தனிமரமாக நின்றார் என்பதையும் மேலே பார்த்தோம். எந்த முறை வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்கில் வெட்டுண்டு போகும் வாக்கு யாருடையது?

ஆகவே உறவுகளே, மூன்று சிறு வேண்டுகோள்கள்.

ஒன்று, மேலே சொன்ன 100,000 வாக்குக் கணக்கை வீட்டில் இருக்கும் உயர்தரப் பிள்ளையிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அரசியல் விஞ்ஞானம் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

இரண்டு, அடுத்த முறை எம்.பி. ஒருவர் நமது ஊருக்கு வந்தால், "எங்கட வீதிக்குக் கொங்கிரீட் போட்டுத் தாங்க சேர்" என்பதோடு நிறுத்தாமல், "தேர்தல் முறை மாற்றத்தில் உங்கட நிலைப்பாடு என்ன?" என்றும் கேளுங்கள். பதில் தெரியாதவரை அடையாளம் கண்டுகொள்ள அது நல்ல வழி.

மூன்று, வாரிசுச் சண்டையை நிறுத்துங்கள். அவர் விட்டுச்சென்ற கட்சி பல துண்டாகிவிட்டது. சின்னத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுச்சென்ற வரிக்கு நாம் எல்லோரும் வாரிசு. நமது தமிழ் அயலவர்களும் வாரிசு, மலையகச் சகோதரர்களும் வாரிசு, தெற்கின் சிறு கட்சிகளும் வாரிசு. அதைக் காப்பாற்ற எந்தக் கட்சி அட்டையும் தேவையில்லை.

யா அல்லாஹ், அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்கிரியைகளை ஏற்று, ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவாயாக. அன்று அவரோடு மரணித்தவர்களின் குடும்பங்களுக்கும் ஸப்ரைத் தருவாயாக. ஆமீன்.

கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் கீழே கேளுங்கள். சேர்ந்து செய்து பார்ப்போம்.